புற்றுமண் பூசிய இடம்

டாக்டர் கேட்ட கேள்வி என் அத்தைக்கானது. பதில் சொன்னவள் நான். சொன்ன பதில் பொய்.

"சமீபத்துல எங்கேயாவது விழுந்தாங்களா? தலையில அடி எதுவும் பட்டுச்சா?" என்று அவர் கேட்டார்.

"இல்ல சார்" என்றேன். கேள்வி முழுதாக முடியும் முன்பே சொல்லிவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தை, காதுக்கு மேலே தொட்டுக் காட்டுவதற்காக இடது கையைத் தூக்கினாள். பாதி எழுந்த அந்தக் கையைப் பிடித்து, அவள் மடியிலேயே வைத்து, மெல்ல அமுக்கிக்கொண்டேன். பார்த்தவர்களுக்கு அது அன்பாகத்தான் தெரிந்திருக்கும்!

நான் செய்தது இவ்வளவுதான். இதைவிடப் பெரிய குற்றங்களைத் தினமும் செய்தித்தாளில் படித்துவிட்டு நீங்கள் அடுத்த பக்கம் புரட்டுகிறீர்கள். ஆனால் அந்தக் கை... அது என் உள்ளங்கைக்குள் இன்னமும் மேலே எழப் பார்க்கிறது. நான் என்ன செய்ய?

அப்பாவிடம் சொல்லவில்லை. அத்தை மகனிடம் சொல்லவில்லை. அத்தையிடம் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. அவளுக்குத்தான் எல்லாம் தெரியுமே! தெரிந்ததைச் சொல்லத்தான் இப்போது அவளிடம் வார்த்தை இல்லை.

ஆகவே உங்களிடம் சொல்கிறேன்.

முதலில் என்னைப் பற்றி. நான் வேகமானவள். பள்ளியில் ஆசிரியர் கேள்வியின் கடைசிச் சொல்லுக்கு வருவதற்குள் என் கை மேலே இருக்கும். "சுபா, மத்தவங்களும் சொல்லட்டும்" என்று அவர்கள் சிரித்துக்கொண்டே கடிந்துகொள்வார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பதக்கம். திருநெல்வேலியில் உளவியல் முதுகலை முடித்துவிட்டுச் சங்கரன்கோவிலுக்குத் திரும்பியபோது என்னிடம் ஒரு பட்டமும், அதை வைத்து என்ன செய்வதென்று தெரியாத பரபரப்பும் இருந்தன. அப்போதுதான் முதியோரின் மறதி நோய் பற்றி இணையத்தில் ஒரு குறுகிய படிப்பு கண்ணில் பட்டது. ஆறே வாரம். நான் மூன்று வாரத்தில் முடித்தேன்.

முடித்த கையோடு நீல அட்டை போட்ட கோப்பு ஒன்று வாங்கினேன். கேள்வித்தாள்களை அச்சடித்தேன். நம் ஊரில் எத்தனை முதியவர்கள் கண்டுகொள்ளப்படாமல் கிடக்கிறார்கள், அவர்களுக்கு நான்தான் குரல் கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன். குரல் கொடுக்க! இந்த இரண்டு சொற்களையும் இன்று எழுதும்போது விரல் கூசுகிறது.

அத்தையின் பெயர் கோமதி. இந்த ஊரில் தெருவுக்கு நான்கு கோமதிகள் உண்டு. அம்பாள் பெயர் ஆயிற்றே. ஆனால் பூ மார்க்கெட்டில் 'கோமு' என்றால் என் அத்தை ஒருத்திதான். அப்பாவின் அக்கா. அறுபத்தேழு வயது. மாமா போய்ப் பல வருடங்கள் ஆகின்றன. ஒரே மகன் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறார். எங்கள் வீட்டை ஒட்டிய ஓரறை வீட்டில் தனியாகச் சமைத்து, தனியாக உண்டு, விடியும் முன் மார்க்கெட்டுக்குப் போய் மல்லியும் பிச்சியும் எடுத்து, கட்டி, வாடிக்கை வீடுகளுக்கும் கடைகளுக்கும் கொடுத்து வந்தாள்.

ஒரு கைப்பிடி மல்லியை அள்ளிப் பார்த்து, "நூறு கிராமுக்கு அஞ்சு பூ கொறவு" என்பாள். தராசும் அதையே சொல்லும். அந்தக் கையைத்தான் நான்... சரி, வரிசையாகச் சொல்கிறேன்.

ஆடித்தபசுக்குக் கொடி ஏறியதும் நம் ஊர்க்காரர்கள் கோயிலைச் சுற்றத் தொடங்குவார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். ஆடிச்சுற்று. நூற்றெட்டு, ஐந்நூற்றொன்று என்று அவரவர் நேர்ச்சைப்படி. அத்தை வருடம் தவறாமல் நூற்றெட்டு. எண்ணிக்கை தப்பாமலிருக்க வாழைநார் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, சுற்றுக்கு ஒரு முடிச்சுப் போடுவாள். கூட வரச் சொல்லி என்னைக் கூப்பிட்டாள். எனக்கு இணைய வகுப்பு இருந்தது.

சாயங்காலம் திரும்பி வந்தவளின் தலையில், இடது காதுக்கு மேலே, முடியோடு சேர்த்து மண் அப்பியிருந்தது. கோயில் புற்றுமண். இங்கே எந்த நோவுக்கும் முதல் மருந்து அதுதான்.

"என்ன அத்தை இது கோலம்?"

"கம்பில இடிச்சுட்டேன்ட்டி. எழுவதாவது சுத்துல நாரு கீழ விழுந்துட்டு. குனிஞ்சு எடுத்துட்டு நிமிருதேன், வரிசைக்குக் கட்டியிருக்க இரும்புக் கம்பி மண்டையில நச்சுன்னு. கண்ணு ரெண்டும் இருட்டிட்டு. பெறவு மண்ணக் குழைச்சுப் பூசிட்டு, மிச்சத்தையும் சுத்தி முடிச்சேன்."

"மிச்சம் முப்பத்தெட்டையுமா?"

"பின்ன, பாதியில எந்திரிச்சு வார அது என்ன சினிமாவாட்டி?"

சிரித்தேன். "இந்த வயசுல இதெல்லாம் தேவையா அத்தை" என்று சொல்லிவிட்டுத் திரையைப் பார்க்கத் திரும்பினேன். ஆம், அன்று என் கண்ணுக்குப் பட்டது மண். மண்ணுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று விலக்கிப் பார்க்கத் தோன்றவில்லை. அப்பா வீடு திரும்பும் முன் அவளே அதைக் கழுவிவிட்டாள். இதயத்துக்காக அவள் தினமும் போடும் மாத்திரைகளில் ஒன்று ரத்தம் உறையாமலிருக்கக் கொடுத்தது என்பதும் எனக்குத் தெரியும். மாதாமாதம் வாங்கி வருபவளே நான்தான்! தெரிந்தவை எல்லாம் என்னிடம் தனித்தனியாகக் கிடந்தன. அவற்றைக் கோக்கத்தான் ஆளில்லை.

ஆவணி பிறந்தது. முகூர்த்த மாதம். மார்க்கெட்டில் மூச்சு விட நேரமிருக்காது. அந்த மாதத்தில்தான் அத்தை மாறத் தொடங்கினாள்.

ஒரு கல்யாண வீட்டுக்குக் கொடுக்க வேண்டிய மாலையை மறந்தாள். குழம்பில் இரண்டு முறை உப்புப் போட்டாள். நட்டநடுப் பகலில் படுத்துக் கிடந்தாள். "தல பாரமா கெடக்குட்டி" என்பாள் அடிக்கடி. நடக்கும்போது வலது காலின் செருப்பு மட்டும் கழன்று கழன்று பின்தங்கியது. அவள் நின்று, திரும்பிப் பார்த்து, யாரோ ஒருவருடைய செருப்பைப் பார்ப்பது போல அதைப் பார்ப்பாள்.

இப்போது நான் சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் என்னை வெறுக்கலாம். அவளைப் பார்த்து எனக்குப் பயம் வரவில்லை. வருத்தமும் வரவில்லை. எனக்கு... மகிழ்ச்சி வந்தது! படித்ததெல்லாம் என் வீட்டு வாசலுக்கே நடந்து வந்துவிட்டது. நீலக் கோப்புக்கு முதல் பக்கம் கிடைத்துவிட்டது. ஒரு வேட்டைக்காரனின் மகிழ்ச்சி அது. வேறு பெயர் சொன்னால் மறுபடியும் பொய் சொன்னவள் ஆவேன்.

அன்றே சோதனை வைத்தேன். எதிரே உட்கார வைத்துக் கேட்டேன். இன்றைக்கு என்ன தேதி?

"ஆவணி பதினொண்ணு. நாளைக்கு முகூர்த்தம். பிச்சி வெல ஏறும்."

ஆங்கிலத் தேதி கேட்டேன். தெரியவில்லை. பிறந்ததிலிருந்தே தெரியாது அவளுக்கு! பூவுக்கு ஆங்கில மாதம் எதற்கு? ஆனால் என் தாளில் இருந்த கட்டத்துக்கு ஆவணி தெரியாது. பூஜ்யம் போட்டேன்.

நூறிலிருந்து ஏழேழாகக் குறைக்கச் சொன்னேன். "எவன்ட்டி ஏழு ஏழா வாங்குதான்?" என்று கேட்டாள். பூஜ்யம். ஒரு வரி எழுதச் சொன்னேன். மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். பேனாவைப் பிடித்து 'கோ' எழுதினாள். அடுத்த எழுத்துக்குள் பேனா விரலிடுக்கில் நழுவி விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன். மறுபடியும் விழுந்தது. அவள் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான் பார்த்தது தாளை. 'எழுத இயலவில்லை' என்று குறித்தேன். நினைவுக்கு வைத்த சோதனை அது. கையைப் பற்றி எழுத அதில் இடமில்லை.

எச்சரித்தவர்கள் யாருமே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். ஒருவர் இருந்தார். அதனால்தான் எனக்குத் தப்ப வழியில்லை.

மார்க்கெட்டில் அத்தைக்கு அடுத்த இடத்தில் உட்காரும் பிச்சையா அண்ணாச்சி. அத்தை மறந்து வைத்துவிட்டு வந்த பூக்கூடையை எடுக்கப் போனபோது என்னை நிறுத்தினார்.

"ஏ மக்கா, ஒங்க அத்தைக்குக் கை தப்புது. பெரிய ஆஸ்பத்திரியில காட்டு."

"வயசாகுதுல்லா அண்ணாச்சி."

"எனக்கு அவளவிட அஞ்சு வயசு கூட. வயசு ஒரு மாசத்துலயா வரும்? கேந்திப்பூ வாடுததுக்கே ரெண்டு நாளு எடுக்கு."

மறதி நோய் என்றால் என்ன, அது எப்படித் தொடங்கும், எப்படி வளரும் என்று கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டே அவருக்கு விளக்கினேன். ஈரச் சாக்கின் மேல் நின்று, பத்து நிமிடம்! அவர் குறுக்கே பேசவில்லை. கடைசியில், "நீ படிச்ச புள்ள" என்றார். தராசுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நம் ஊரில் அந்த வாக்கியத்துக்குப் பிறகு யாரும் எதுவும் பேசுவதில்லை. அது பாராட்டு அல்ல, கதவை அடைக்கும் சத்தம். அன்று எனக்கு அது பாராட்டாகத்தான் கேட்டது.

வயது ஒரு மாதத்தில் வருமா... இந்தக் கேள்வியை எந்தப் பாடத்திலும் நான் படித்ததில்லை. எந்தத் தேர்விலும் கேட்கப்படவில்லை. கேட்டிருந்தால் முந்திக்கொண்டு பதில் சொல்லியிருப்பேன்.

அப்பாவிடம் கோப்பைக் காட்டினேன். அவர் கண் கலங்கிவிட்டார். மறுநாள் காலை அத்தையை ஒரு தனியார் மருத்துவரிடம் கூட்டிப் போனேன். நல்ல மனிதர். களைத்த மனிதர். வெளியே பெஞ்சு நிறைய ஆட்கள் காத்திருந்தார்கள். நான் போனதுமே நீலக் கோப்பை அவர் மேசையில் விரித்து வைத்தேன். மற்ற நோயாளிகள் வலியைக் கொண்டுவருவார்கள், நான் முடிவையே கொண்டுபோயிருந்தேன்.

"என்ன பாட்டிம்மா, எப்படி இருக்கீங்க?" என்றார்.

"நான் இன்னும் பாட்டியாவல டாக்டரே. எம் மவனுக்கு இன்னும் பொண்ணே அமையல" என்றாள் அத்தை.

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அதோடு சரி, அதற்குப் பிறகு அவர் அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தே கேட்டார். சாப்பிடுகிறார்களா, தூங்குகிறார்களா, கோபம் வருகிறதா, வயிறு ஒழுங்காகப் போகிறதா. அனைத்துக்கும் நானே பதில் சொன்னேன். அவள் வயிறு எப்படிப் போகிறதென்று எனக்கு எப்படித் தெரியும்? ஆனாலும் சொன்னேன்! அத்தை ஒவ்வொரு கேள்விக்கும் வாயைத் திறந்து, என் குரல் கேட்டதும் மூடிக்கொண்டாள். மீன் மாதிரி என்று அப்போது நினைத்துக்கொண்டது நினைவிருக்கிறது. பாவி நான்.

பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது.

மறந்துபோய் 'இல்லை' என்றேனா? இந்தச் சந்துக்குள் நுழைந்து தப்பிக்க எத்தனையோ முறை முயன்றுவிட்டேன். முடியவில்லை. அவர் 'தலையில' என்று சொன்ன கணத்திலேயே புற்றுமண் என் கண் முன் வந்துவிட்டது. செம்பழுப்பாக, முடியோடு காய்ந்து வெடித்து... வந்தது, வந்தும் 'இல்லை' என்றேன்.

ஏன்?

அவள் பேசத் தொடங்கினால் எழுபதாவது சுற்றிலிருந்து தொடங்குவாள், நார் வரும், முடிச்சு வரும், அம்பாள் வருவாள், டாக்டர் பொறுமை இழப்பார், நான் வெட்கப்பட நேரும். அது ஒரு காரணம். வயதானவர்கள் இடிப்பதும் முட்டுவதும் உள்ளதுதானே, அதையெல்லாம் போய் டாக்டரிடம் சொல்வார்களா என்ற அலட்சியம் இன்னொன்று. மூன்றாவது காரணத்தை நான் எவ்வளவு நாள் மடித்து உள்ளே வைத்திருந்தேன் தெரியுமா? 'ஆம், அடிபட்டது' என்று சொன்னால் என் கண்டுபிடிப்பு கலைந்துவிடும். நீலக் கோப்பின் முதல் பக்கம் வீணாகிவிடும். அதற்காகத்தான். அதற்காகவும்தான்.

"வயசுக்கு இதெல்லாம் சகஜம். வசதிப்பட்டா ஒரு ஸ்கேன் எடுத்துப் பாக்கலாம், அவசரமில்ல" என்று சொல்லிவிட்டு, இரவில் போட ஒரு தூக்க மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. கேட்க வேண்டியதை அவர் கேட்டார்.

திரும்பும் வழியில் ஆட்டோவில் அத்தை மெதுவாகக் கேட்டாள். "ஏட்டி, தலையில அடிபட்டுச்சான்னு கேட்டாருல்லா. நீ ஏன் இல்லன்னுட்ட?"

"அது போன மாசம் அத்தை. வீக்கமும் வத்திட்டு. அதையும் இதையும் சேத்துச் சொன்னா டாக்டர் சிரிப்பாரு."

அவள் தெருவைப் பார்த்துக்கொண்டே வந்தாள். "படிச்சவ சொல்லுத" என்றாள். கொஞ்ச தூரம் போன பிறகு, "வயசுதான் போல" என்றாள்.

அந்தச் சொல்லை அவள் தன்னைப் பற்றிச் சொல்லி அதற்கு முன் நான் கேட்டதில்லை. யாராவது சொன்னால் சண்டைக்கு வருபவள். அன்று தானே எடுத்துச் சூடிக்கொண்டாள்.

பின்பு எல்லாம் வேகமாக நடந்தன. நாங்கள் அவள் கையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டோம். அடுப்பை அணைத்தோம். அரிவாள்மனையை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். கோயம்புத்தூரிலிருந்து மகன் பேசி, அம்மாவை இனி மார்க்கெட்டுக்கு விட வேண்டாம் என்றார். அப்பாவும் சரி என்றார். நானும் சரி என்றேன். இத்தனையும் அவளை நடுவில் உட்கார வைத்துக்கொண்டே பேசினோம். ஒரு மர நாற்காலியை எங்கே போடுவது என்று பேசுவது போல! அவள் மறுத்துப் பேசியிருந்தால்கூட, 'இந்த நோய் வந்தால் இப்படித்தான் பிடிவாதம் பிடிப்பார்கள்' என்று விளக்கத் தயாராக இருந்தேன். அவள் மறுக்கவில்லை. வயசுதான் போல என்று நம்பத் தொடங்கிவிட்டவள் எதற்காக மறுப்பாள்?

தலைபாரம் பற்றிச் சொல்வதை நிறுத்திவிட்டாள். பகலிலும் தூங்கினாள். தூக்கம் நல்ல அறிகுறி, மாத்திரை வேலை செய்கிறது என்று கோப்பில் எழுதினேன். ஒருநாள் காலையில் வாந்தி எடுத்தாள். முந்தின நாள் சாப்பிட்டது சேரவில்லை என்றேன். வாசல் நிலையில் வலது தோளை இடித்துக்கொண்டே உள்ளே வந்தாள். பார்வைக் குறைவு என்றேன். தண்ணீர் கேட்பதற்கு "நாரு... நாரு" என்றாள். 'சொல் மறதி, எதிர்பார்த்த வளர்ச்சி' என்று எழுதினேன்.

ஒவ்வொரு நாளும் ஏதோ ஒன்று அவளுக்குள்ளிருந்து கதவைத் தட்டியது. ஒவ்வொரு முறையும் வயது என்ற ஒரே பதிலைச் சொல்லி நான் அதைத் திருப்பி அனுப்பினேன். என்ன வசதியான சொல் அது! எதைப் போட்டாலும் கொள்ளும் சாக்கு.

புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை நண்பகல். கஞ்சி எடுத்துக்கொண்டு போனேன். அத்தை பாயில் கிடந்தாள். மடியில் உதிரிப் பிச்சி. வாடிக்கை விட்டுப்போகக் கூடாதென்று பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்லி வாங்கியிருக்கிறாள். நாரில் மூன்று பூ கட்டியிருந்தது. நான்காவது பூவில் முடிச்சு விழாமல் நார் அவிழ்ந்து கிடந்தது. அவளிடமிருந்து வந்த மூச்சு... அப்படி ஒரு குறட்டையை நான் கேட்டதில்லை. அடியாழத்தில் ஏதோ அறுபடுவது போல. எழுப்பினேன். உலுக்கினேன். கத்தினேன். அவள் எழவில்லை.

திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் தலையைப் படம் எடுத்தார்கள். அறுவை மருத்துவர் அதை வெளிச்சத்தில் காட்டினார். மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவே, இடது பக்கம், ஒரு பிறை. "ரத்தம் கசிஞ்சு கட்டியிருக்கு. கொஞ்சங் கொஞ்சமா. ஒன்றரை ரெண்டு மாசம் இருக்கும். தலையில ஏதாவது அடி?"

அப்பா என்னைப் பார்த்தார்.

"எங்களுக்குத் தெரிஞ்சு இல்ல சார்" என்றேன்.

ஆம். இரண்டாவது முறையும்! முதல் பொய்க்குக் காரணம் தேடினேனே, இதற்கு எந்தக் காரணத்தைத் தேடுவேன்? பயம், அவ்வளவுதான்.

"முன்னாடியே வந்திருந்தா சின்னதா துளை போட்டு எடுத்திருக்கலாம். நடந்தே வீட்டுக்குப் போயிருப்பாங்க" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார். சற்று நேரத்தில் அத்தையின் தலையை மழித்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். இடது காதுக்கு மேலே பேனாவால் ஒரு வட்டம் போட்டிருந்தது. அது எந்த இடம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? புற்றுமண் பூசியிருந்த அதே இடம். அந்த மண் சரியான இடத்தில்தான் இருந்தது. நான்தான்...

அத்தை பிழைத்துக்கொண்டாள். வலது கையும் காலும் வரவில்லை. பேச்சும் வரவில்லை. 'ஆங்' என்ற ஒரே ஒலிதான். பசிக்கும் அதுதான், வலிக்கும் அதுதான்.

இதைவிடக் கொடிய ஒன்று இருக்கிறது. ஊர் என்னைப் பாராட்டுகிறது! "சுபா அப்பவே சொன்னா, மூளையில கோளாறுன்னு. நாமதான் ஸ்கேன் எடுக்காம விட்டுட்டோம்" என்று அப்பா வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். கோயம்புத்தூரிலிருந்து வந்த அத்தை மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். அவர் நன்றியால் அழுதார். நான் எதனால் அழுதேன் என்று அவர் கேட்கவில்லை.

தங்கள் வீட்டுப் பெரியவர்களை என்னிடம் கூட்டிவருகிறார்கள் இப்போது. போன மாதம் மேலநீலிதநல்லூரிலிருந்து ஒரு பெண் தன் மாமனாரைக் கூட்டிவந்தாள். நான் அவரிடம் கேட்டேன், அவள் பதில் சொன்னாள். "அவரே சொல்லட்டும்" என்றேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. அவர் அரை மணி நேரம் பேசினார். ஆடு, கிணறு, பங்காளிச் சண்டை... எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரே ஒரு வரி வந்தது: புதிதாகக் கொடுத்த ஒரு மாத்திரையைப் போடத் தொடங்கியதிலிருந்துதான் இந்தத் தடுமாற்றம் என்று. டாக்டரிடம் அதை அப்படியே சொல்லச் சொல்லி அனுப்பினேன். அவர்கள் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். இது என் கணக்கில் சேருமென்று நினைத்துச் சொல்லவில்லை. அரை மணி நேரம்... அவ்வளவுதான் ஆகும் என்று அன்று எனக்குத் தெரிந்தது. அத்தைக்கு நான் அரை நிமிடம்கூடக் கொடுக்கவில்லை.

பிச்சையா அண்ணாச்சி ஒருநாள் வந்தார். என்னோடு பேசவில்லை. மடியிலிருந்து ஒரு கைப்பிடி மல்லியை எடுத்து அத்தையின் இடது கையில் வைத்தார். அவள் அதை மேலும் கீழுமாக மெல்ல அசைத்துப் பார்த்தாள். பிறகு இல்லையென்று தலையாட்டினாள்.

"கொறவா இருக்கா?"

"ஆங்."

"அஞ்சு பூவா?"

அத்தையின் முகத்தில் பாதி மட்டும் சிரித்தது. அவர் மடியை உதறி, ஒட்டியிருந்த பூக்களைப் பொறுக்கி அவள் கையில் போட்டார். எண்ணவில்லை. நான் எண்ணினேன். ஐந்து.

அவளுக்கு எதுவும் மறக்கவில்லை. அந்த மாலையும் கூடையும் தலைக்குள் கட்டிய ரத்தம் செய்த வேலை. நீலக் கோப்பில் நான் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் அந்த ஐந்து பூவும் பதில் சொல்லிவிட்டன. ஆனால் அதற்குப் பிறகுதான் என் உண்மையான பயம் ஆரம்பித்தது. மல்லியின் எடை நினைவிருப்பவளுக்கு அந்த மேசையும், அந்தக் கேள்வியும், என் கையின் எடையும் நினைவிருக்காதா?

போன வாரம் மறுபரிசோதனைக்குப் போனோம். புதிய மருத்துவர், என்னைவிட நான்கைந்து வயதுதான் கூட இருக்கும். கணினியைத் தள்ளிவைத்துவிட்டு நேராக அத்தையின் முகத்தைப் பார்த்து, "இது எப்படிம்மா ஆரம்பிச்சுது?" என்று கேட்டார். அவளிடம்தான் கேட்டார்!

அப்பா தொடங்கிவிட்டார். "எம் மவதான் சார் மொதல்ல கண்டுபிடிச்சா..."

அத்தையின் இடது கை எழுந்தது. மிக மெதுவாக. தோளைத் தாண்டி, காதைத் தாண்டி, தழும்பின் மேல் விரல் போய் நின்றது. ஒரு முறை தட்டினாள். இன்னொரு முறை தட்டினாள். "ஆங்" என்றாள்.

மருத்துவர் முன்னால் குனிந்தார். "என்ன சொல்ல வர்றாங்க?"

அப்பா என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைத்தான் பார்ப்பார்கள். அவளுக்குக் குரல் நான்தானே! அத்தையும் என்னைப் பார்த்தாள். அந்தக் கண்ணில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அவள் காத்திருந்தாள். பள்ளியில் என் ஆசிரியர்கள் ஒருநாளும் காத்திராத அளவுக்குக் காத்திருந்தாள்.

"தையல் போட்ட இடம் அரிக்குது போல சார்" என்றேன்.

இந்த முறை நான் அந்தக் கையைப் பிடிக்கவில்லை. அமுக்கவும் தேவைப்படவில்லை. அவளே அதை இறக்கி, மடியில் வைத்து, விரல்களை மடித்துக்கொண்டாள்.

அடுத்த மாதம் மறுபடியும் வரச் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கை எழுந்தால் உண்மையைச் சொல்லிவிடுவேன் என்று உங்களிடம் சத்தியம் செய்ய நினைத்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். செய்ய முடியவில்லை. என் சத்தியத்தின் எடை எனக்கே தெரியும்.

ஆனால் அந்தக் கை எழுந்துவிடுமோ என்று இப்போது நான் பயப்படவில்லை. வீட்டுக்கு வந்ததிலிருந்து அது மடியை விட்டு நகரவே இல்லை. சோறு ஊட்டும்போதும், தலை துவட்டும்போதும் பார்த்துக்கொண்டேயிருக்கிறேன்...

அசையவில்லை.